நடு சீசனில் ஏ.சி.பி.யை மாற்றியது சரியா?

கோட்டையூர்க்காரன்:

ரொம்ப நாளா மனசுல கிடக்குது. இன்னைக்கு எழுதிடறேன்.

சி.ஐ.டி.ங்கிற ஹிந்தித் துப்பறியும் தொடர் 1998 ஜனவரியில ஆரம்பிச்சு 2018 அக்டோபர் வரைக்கும் ஓடுச்சு. ஆறு வருஷம் கழிச்சு 2024 டிசம்பர்ல ரெண்டாவது சீசன்னு திரும்ப வந்துச்சு. அதுல போலீஸ் குழுவுக்குத் தலைவரா வர்ற ஏ.சி.பி. (உதவி போலீஸ் கமிஷனர்) பிரத்யுமன்னா ஆரம்பத்துலேர்ந்து சிவாஜி சாட்டம்தான். 2025 ஏப்ரல்ல, சீசன் ஓடிக்கிட்டிருக்கப்பவே, பார்போசாங்கிற வில்லன் வச்ச குண்டுல பிரத்யுமன் செத்துட்டதாக் காட்டுனாங்க. அதோட விடல. பிரத்யுமன் பேரைப் போட்டு, 1998–2025னு வருஷமும் போட்டு, சேனல்லேர்ந்து ஒரு அஞ்சலிப் படத்தை இணையத்துல விட்டாங்க. பார்த் சம்தான்ங்கிற இளம் நடிகர் ஏ.சி.பி. ஆயுஷ்மானா வந்தார். அதுவும் கொஞ்ச நாள்தான். சாட்டம் திரும்பி வந்துட்டார். பிரத்யுமன் சாகவே இல்லையாம்.

எங்க ஐயாவுக்கு வயசு 84. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனா சனி, ஞாயிறு ராத்திரி பத்து மணிக்குப் பட்டாலையில சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துருவாக. பிரத்யுமன் விரலை விரிச்சு, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி யோசிப்பார்ல, அது வந்தா போதும், "புடிச்சுட்டான்டா"ம்பாக. அவர் குழுவுல இருக்கிற தயா கதவை ஒடைக்கிறப்ப, "நம்ம வீட்டு நிலைக்கதவை இவரால ஒடைக்க முடியுமா ஐயா?"ன்னு சின்னப்பிள்ளையில நான் கேப்பேன். "பர்மாத் தேக்குடா, தோளுதான் பேரும்"பாக. அப்படி இந்தத் தொடரோட வளர்ந்த வீடு எங்க வீடு.

அந்த அஞ்சலிப் படத்தை என் தம்பி போன்ல ஐயாகிட்ட காட்டிட்டான். நம்ம பக்கம் ஒருத்தர் படத்துக்குக் கீழ ரெண்டு வருஷம் போட்டிருந்தா அதுக்கு ஒரே அர்த்தம்தான்: தோற்றம், மறைவு. நடிச்ச மனுஷரே போயிட்டார்னு ஐயா நினைச்சுட்டாக. "என்னைவிடச் சின்னவர்தானே"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு டி.வி.யை நிறுத்தச் சொன்னாக. அவர் நல்லாத்தான் இருக்கார், கதையிலதான் செத்துட்டார்னு புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆச்சு.

நடிகரை மாத்துறது தப்புன்னு நான் சொல்லல. சாவை வச்சு விளையாடுனது தப்பு. கொலையைத் துப்பறியிற தொடர் இது. இதுல செத்தவர் செத்தவர்தான்ங்கிற நம்பிக்கை போயிட்டா, அப்புறம் எதைத் துப்பறியிறது?

செக்காலைவாசி:

அண்ணே, ஐயா விஷயம் படிச்சுக் கஷ்டமா இருந்துச்சு. அஞ்சலிப் படம் போட்டது தப்புதான், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா நோய் அங்க இல்ல. ஒரே ஆள் மேல தொடரைத் தூக்கி வச்சது, இத்தனை வருஷம் மாத்தாமலே வச்சிருந்தது, அதுதான் நோய்.

சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்ப ரூம்ல ராத்திரி ராத்திரி லா அண்ட் ஆர்டர் பாப்பேன். 1990ல ஆரம்பிச்ச அமெரிக்கத் தொடர். முதல் பாதி போலீஸ் விசாரணை, அடுத்த பாதி கோர்ட். முதல் சீசன் டைட்டில்ல பேர் வந்த ஆறு பேர்ல ஆறாவது சீசனுக்கு மிச்சம் இருந்தது ஸ்டீவன் ஹில் ஒருத்தர்தான். அவரும் 2000த்துல கிளம்பிட்டார். தொடர் நிக்கவே இல்ல. 2010 வரைக்கும் இருபது சீசன். நிறுத்துனதை 2022ல மறுபடி ஆரம்பிச்சாங்க.

நடு சீசன்னுதானே கேக்குறீங்க? மூணாவது சீசன்ல பால் சொர்வினோ பாதியில விலகினார். அவர் ஓபரா பாடுறவர். நியூயார்க் குளிர்ல தெருவுல நின்னு விடிய விடிய ஷூட்டிங் பண்ணா தொண்டை என்ன ஆகும்? கதையில அவரைச் சுடுவாங்க, ஆனா பிழைச்சுக்குவார். வேற ஸ்டேஷன்ல ஆபீஸ் வேலைக்குப் போயிடுவார். அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் ஜெர்ரி ஓர்பாக். லென்னி பிரிஸ்கோங்கிற அந்தப் பாத்திரத்தைச் சொல்லாம இன்னைக்கு யாரும் அந்தத் தொடரைப் பத்திப் பேச மாட்டாங்க. சொர்வினோ போகலைன்னா பிரிஸ்கோ ஏது?

அடுத்த வருஷம், 1993ல, தொடர்ல பொம்பளைங்களே இல்லைன்னு டி.வி. நிறுவனம் சொல்லி, ரெண்டு ஆண் நடிகர்களை எடுத்துட்டு ரெண்டு பெண்களைக் கொண்டு வந்தாங்க. எஸ். எபாத்தா மெர்க்கர்சன் அப்படி வந்தவங்க. பதினேழு சீசன் இருந்தாங்க. மாத்துனதுல கெட்டுப் போனது என்ன? அங்க கேசுதான் பெருசு, ஆள் அப்புறம்தான்.

தேவகோட்டை மெய்யம்மை:

செக்காலைத் தம்பி சொல்ற நியாயம் ஊரு விட்டு ஊரு வந்தா மாறிடும். நம்ம ஜனங்க கேசைப் பாக்க உக்காரல, ஆளைப் பாக்கத்தான் உக்காந்தாங்க. கொலை பண்ணவன் யாருன்னு பத்து நிமிஷத்துல எங்களுக்கே தெரிஞ்சிரும். தயாவும் கூட வேலை பாக்குற அபிஜித்தும் எப்படிப் பேசிக்குவாங்க, தடயவியல் டாக்டர் சாலுங்கே ஏ.சி.பி.கிட்ட என்ன வம்பு வளப்பார், அதுக்குத்தான் பாத்தோம்.

நம்ம மெகா சீரியல்ல ஒரு மருமக நடிகை பாதியில போயிட்டா என்ன பண்றாங்க? "இவருக்குப் பதில் இவர்"னு ஒரு வரி ஓடும். அடுத்த நொடி புது மூஞ்சி அதே தாலியோட, அதே மாமியாகிட்ட பேசிக்கிட்டிருக்கும். ஒரு வாரம் ஒட்டாது. அப்புறம் பழகிடும். அதுல ஏமாத்து இல்லை, பாருங்க. நடிகை போயிட்டாங்க, கதை போகலைன்னு நேரா சொல்லிடுறாங்க. சி.ஐ.டி.க்காரங்களுக்கு அந்த ஒத்தை வரியைச் சொல்லத் தைரியம் வரல. அதான் குண்டு வச்சாங்க.

செக்காலைவாசி:

ஆச்சி, பிரத்யுமன் வேஷத்துல வேற ஒருத்தர் வந்து அதே மாதிரி கையைத் திருப்புனா நீங்க பாப்பீங்களா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க.

தேவகோட்டை மெய்யம்மை:

மாட்டேன் தம்பி. ஒத்துக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல பாத்த முகம் அது.

அரிமளத்தான்:

இதுக்கு நம்ம பக்கத்து ஸ்பெஷல் நாடகத்துலயே பதில் இருக்கு. எங்கப்பா ஆர்மோனியம். காரைக்குடி, புதுக்கோட்டைச் சுத்துவட்டாரத்துல அவர் வாசிக்காத திருவிழா கம்மி.

வெளியூர்க்காரங்க படிச்சா தெரியணும்னு சொல்றேன். ஸ்பெஷல் நாடகத்துல எல்லாரும் ஒரே கம்பெனி ஆளுங்க இல்ல. ராஜபார்ட்டுன்னா கதாநாயகன், ஸ்திரீபார்ட்டுன்னா கதாநாயகி, பபூன்னா கோமாளி. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு. ஒத்திகை கிடையாது. மேடையிலதான் சந்திப்பாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம், அதுதான் எல்லாரையும் கட்டி வைக்கிற கயிறு. செக்காலை அண்ணன் சொல்ற லா அண்ட் ஆர்டர் மாதிரிதான், ஆள் யாரா இருந்தாலும் ஓடும். ஆனா நோட்டீஸ்ல நடிகர் போட்டோவும் ஊர்ப் பேரும் போட்டிருக்கும். அந்த ஆள் வரலைன்னா ஊர் சும்மா விடாது.

எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். ஒரு கிராமத்துல வள்ளி திருமணம். அப்பாவோட நானும் போயிருந்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல முருகன் வேடனா வர்ற கட்டம். ராஜபார்ட்டுக்கு ரெண்டாவது பாட்டுலயே தொண்டை கட்டிருச்சு. மேல் சட்ஜமத்துக்குப் போறப்ப வெறுங்காத்துதான் வருது. அப்பா சுருதியை அரைக் கட்டை இறக்கிக் கொடுத்துப் பாத்தார். நடக்கல. நாடக அமைப்பாளர் பக்கத்து ஊருக்கு வண்டி அனுப்பி, அங்க வேஷம் முடிச்சுக் கிளம்பிக்கிட்டிருந்த இன்னொரு ராஜபார்ட்டைக் கூட்டிட்டு வந்தார். அதுவரைக்கும் பபூன் முக்கா மணி நேரம் மேடையைத் தாங்கினார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பழைய ராஜபார்ட் வேடன் வேஷத்தோடயே மைக்குக்கு வந்தார். குரலே இல்ல. "ஐயா, அம்மா, தொண்டை போச்சு, மன்னிக்கணும், தம்பி வந்திருக்கார்"னு சொல்லி, தன் கழுத்து மாலையைக் கழட்டி வந்தவர் கழுத்துல போட்டார். ஒரு ஆள் கூட எழுந்திரிக்கல. முருகன் அடுத்து கிழவரா வர்ற இடம்தானே! வேடனா இவர் போனார், கிழவரா அவர் வந்தார். கதையே உருமாறுற கதை, அந்த மடிப்புல ஆளை மாத்திக்கிட்டாங்க.

மாத்தலாம். எந்த இடத்துல மாத்துறோம், போறவர் கையாலயே நடக்குதாங்கிறதுதான் கேள்வி.

பள்ளத்தூர் இளையவன்:

எல்லாரும் சாட்டம் சாட்டம்னு பேசுறீங்க. பார்த் சம்தானைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசுனீங்களா? அவர் என்ன பண்ணார்? கூப்பிட்டாங்க, வந்தார். முதல் எபிசோடு வர்றதுக்கு முன்னாடியே கமெண்ட்ல கிழிச்சுத் தொங்க விட்டாங்க. இருபது வருஷத்துக்கு மேல ஒருத்தர் உக்காந்த நாற்காலியில கொஞ்ச நாள்ல ஒட்டணும்னா யாரால முடியும்? எனக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சு. சத்தம் போடாம பேசுற ஏ.சி.பி. இன்னொரு ஆறு மாசம் விட்டிருந்தா நின்னிருப்பார்.

சாட்டம் பொறந்தது 1950ல. அந்த வயசுல மனுஷருக்கு ஓய்வு வேணும்தானே? தான் கொஞ்ச நாள் ஓய்வுல இருக்கிறதா அப்ப அவரே பேட்டியில சொன்னார். ரசிகர்னு சொல்லிக்கிட்டு சாகுற வரைக்கும் ஓடச் சொல்றது பாசம் இல்ல.

கோட்டையூர்க்காரன்:

இளையவன் தம்பி, ஓய்வு எடுக்கட்டும்னு முதல்ல சொல்றவன் நான்தான். லீவுல போறார்னு ஒரு காட்சி வச்சிருந்தா போதுமே. டெல்லிக்கு மாத்தல்னு சொல்லியிருந்தா எங்க ஐயா நிம்மதியாத் தூங்கியிருப்பாக.

இந்தத் தொடருக்கு நிஜச் சாவு தெரியாதா? ஃபிரெட்ரிக்ஸா, நம்ம ஃபிரெடியா நடிச்ச தினேஷ் ஃபட்னிஸ் 2023 டிசம்பர்ல இறந்துட்டார். மறு வருஷம் தொடர் திரும்ப வந்தப்ப ஃபிரெடி இல்லாத அந்த ஆபீஸைப் பாத்து எத்தனை பேர் கலங்கினோம். அந்த வெறுமையைப் பார்த்தவங்களுக்கு நாலு மாசத்துல ஒரு பொய்ச் சாவு. எனக்கு வலிச்சது அதுதான். அங்க ஓர்பாக் 2004 டிசம்பர்ல புற்றுநோய்ல இறந்தார். அது நிஜம். அதைத் திருப்பி எழுத யாராலயும் முடியாது. நிஜச் சாவுக்குத் தர்ற மரியாதையை எடுத்து விளம்பரத்துக்குச் செலவழிச்சா, அடுத்து நிஜமா ஒருத்தர் போறப்ப கையில என்ன மிச்சம் இருக்கும்?

செக்காலை அண்ணே, உங்க லா அண்ட் ஆர்டர்லயும் எல்லாம் அழகா நடக்கல. 2005 ஜனவரியில, பதினஞ்சாவது சீசன் பாதியில, எலிசபெத் ரோம் நடிச்ச வக்கீலை வேலையை விட்டு அனுப்புவாங்க. மூணரை சீசன்ல அந்தப் பொண்ணு சொந்த வாழ்க்கையைப் பத்தி ஒண்ணும் சொல்லாம, போற நிமிஷத்துல "நான் தன்பாலீர்ப்பாளர்ங்கிறதாலயா?"ன்னு கேக்க வச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்தக் காட்சியைப் பத்திச் சண்டை நடக்குது.

செக்காலைவாசி:

அந்தக் காட்சி மோசம்தான். அதை நான் தாங்கிப் பிடிக்க மாட்டேன்.

ஆனா அரிமளத்தான் சொன்ன மாலை மாத்துற விஷயம் டி.வி.யிலயும் நடந்திருக்கு. சி.எஸ்.ஐ.ங்கிற அமெரிக்கத் தடயவியல் தொடர்ல கிரிஸ்ஸமா நடிச்ச வில்லியம் பீட்டர்சன் 2009 ஜனவரியில, ஒன்பதாவது சீசன் நடுவுல விலகினார். அவர் கிளம்புறதுக்கு முன்னாடியே லாரன்ஸ் ஃபிஷ்பர்னை ஒரு பேராசிரியராக் கொண்டு வந்து, ரெண்டு பேரையும் ஒரே கேசுல சேர்ந்து வேலை பாக்க வச்சாங்க. பழையவர் புதியவரை மதிக்கிறதை நாம கண்ணால பாத்துட்டோம். அப்புறம் கிரிஸ்ஸம் யாரையும் கூட்டி வச்சுப் பேசாம லேபை விட்டு நடந்து போயிடுவார். காதலிச்ச பொண்ணைத் தேடி மழைக்காட்டுக்குப் போறதுல அவர் கதை முடியும். குண்டு இல்ல, ரத்தம் இல்ல.

அதுக்காக மாத்தாம இருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். ஸ்காட்லாந்துல டேகர்ட்னு ஒரு தொடர். டேகர்ட்டா நடிச்ச மார்க் மக்மானஸ் 1994ல இறந்துட்டார். அவரோட பாத்திரப் பேர்லயே அந்தத் தொடர் 2010 வரை ஓடுச்சு. கூட இருந்தவங்க ஏற்கெனவே ஜனங்க மனசுல நின்னிருந்தாங்க, அதனால ஓடுச்சு. அபிஜித்தும் தயாவும் இருபது வருஷத்துக்கு மேல கூட நின்னவங்க. அவங்கள்ல ஒருத்தரை ஏ.சி.பி. ஆக்கியிருந்தா எங்க ஊர்ல ஒருத்தர் கூட வாய் திறந்திருக்க மாட்டாங்க. வெளியிலேர்ந்து ஆளைக் கொண்டு வந்து மேல உக்கார வச்சதுதான் பிழை. அஞ்சலிப் படத்தை விட அது பெரிய பிழைன்னு நான் இன்னமும் சொல்வேன்.

தேவகோட்டை மெய்யம்மை:

அபிஜித்தை ஏ.சி.பி. ஆக்கியிருக்கணும். இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் உங்க பக்கம் வந்திருப்பேன் தம்பி.

பள்ளத்தூர் இளையவன்:

அப்ப புது ஆளுக்கு எங்கதான் இடம்? ஓர்பாக்கும் ஒரு நாள் வெளியிலேர்ந்து வந்தவர்தானே?

கோட்டையூர்க்காரன்:

இதுக்கு என்கிட்ட நேரான பதில் இல்ல தம்பி. வீட்டுல நடந்ததைச் சொல்றேன்.

சாட்டம் திரும்பி வந்த அன்னைக்கு நான் ஓடிப்போய், "ஐயா, அவர் வந்துட்டார், வாங்க"ன்னு கூப்பிட்டேன். ஐயா வந்து உக்காந்தாக. கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு முழு எபிசோடும் பாத்தாக. பிரத்யுமன் கையைத் திருப்பினார். ஐயா ஒண்ணும் சொல்லல. விளம்பரம் வந்தப்ப என் பக்கம் திரும்பி, "இடையில ஒரு பையன் வந்தானே, நல்லாப் பாத்தானே, அவன் எங்கடா?"ன்னு கேட்டாக.