ஜேட் என்று வந்த கற்கள்: அனுபவப் பகிர்வு

பாசிவண்ணம்:
ஜேட் என்பது ஜேடைட், நெப்ரைட் என்ற இரண்டு கற்களுக்கும் பொதுப்பெயர். என்னிடம் ஜேடைட் என்ற பெயரில் வந்தது ஒரு பச்சை வளையல். காற்றில் 41.12 கிராம், நீரில் தொங்கவிட்டால் 25.12. நீரில் குறைந்த எடை 16.00, காற்று எடையை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற எண்) 2.57. ஜேடைட் என்றால் 3.34 பக்கம் வரணும், நெப்ரைட்டே 2.95. உள்விளிம்பில் எஃகு ஊசியை இழுத்ததும் வெள்ளையாகக் கோடு விழுந்தது. ஜேட் போலத் தோன்றும் வேறு கல், செர்பென்டைன்! அந்தக் கோடு கண்ணை விட்டுப் போகவில்லை.

உரைகல்:
எடையே சொல்லிவிட்ட பிறகு கல்லைக் கீறுவானேன், நண்பரே? செர்பென்டைனிலும் எஃகுக்கு ஈடுகொடுக்கும் கெட்டி ரகம் உண்டு. கெட்டிக் கல்லில் ஊசிதான் தேய்ந்து சாம்பல் நிறத்தில் இரும்புத் தடம் விடும். அதையும் கீறல் என்றே நினைத்துவிடுவார்கள்.

சின்னக் கல்லில் எடையும் ஏமாற்றும். 2.00 கிராம் ஜேடைட் மணி ஒன்று 2.98 காட்டி, நெப்ரைட் என்றே எழுதப்பட்டது. துளைக்குள் காற்றுக்குமிழி. கன அளவு 0.60 கன செ.மீ. இருக்கவேண்டியது குமிழியோடு சேர்ந்து 0.67 ஆகிவிட்டது, அவ்வளவுதான். கொதித்து ஆறிய நீர், அதில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு, மெல்லிய நூல். துளையை ஈரத் தூரிகையால் குத்திவிட்டு, கல் அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தொங்கவிடுங்கள். மூன்று தடவை எடுத்து எண் ஒத்துவந்தால் மட்டும் நம்புங்கள்.

மரகதக்கோடு:
அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய பி வகை ஜேடைட்டை எடை காட்டிக்கொடுக்காதே! ஒரு மோதிரக்கல் 3.32 காட்டியது, பளபளப்பும் குறையில்லை. விளக்கைச் சாய்த்து 10 மடங்கு லென்ஸில் பார்த்தபோதுதான் மேற்பரப்பு முழுக்கச் சிலந்திவலை மாதிரி அரிப்பு. நீளலைப் புற ஊதாவில் நீலவெள்ளையாக மங்கலாய் ஒளிர்ந்தது. மெருகூட்டப் பூசும் மெழுகும் லேசாக ஒளிரும் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு கட்டக்கூடாது. அகச்சிவப்பு நிறமாலைதான் உறுதி. சாயம் ஏற்றியதென்றால் பச்சை நிறம் கல்லுக்குள் உள்ள படிகத் துகள்களின் இடுக்கில் நரம்பு நரம்பாய்த் தேங்கும்.

கருவிழி:
கருப்பு ஜேட் பற்றி யாரும் சொல்லவில்லையே. மெல்லிய ஓரத்தில் டார்ச் அடித்தால் அடர்பச்சை தெரிந்த ஒரு துண்டை, அந்தப் பச்சையை வைத்தே ஜேடைட் என்று சொல்லிவிட்டார்கள். கருப்பு நெப்ரைட்டிலும் அதே பச்சை வரும். ஒளிவிலகல் எண் (கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்ற அளவு) 1.61 என்றதும் நெப்ரைட் என்று தெரிந்தது. 1.66, 1.67 வந்திருந்தால் ஜேடைட் அல்லது அதற்கு நெருங்கிய கனிமமான ஓம்பசைட்.

பாசிவண்ணம்:
ஊசி இனி இல்லை, உரைகல் ஐயா. அந்த 2.98 மணியை ஒளிவிலகல்மானியில் வைத்திருந்தாலே 1.66 காட்டியிருக்குமே?

உரைகல்:
காட்டியிருக்கும். உருண்டை மணி என்பதால் புள்ளி முறையில், அதாவது மணியை மானியின் கண்ணாடியோடு ஒரு சிறு துளித் திரவத்தால் மட்டும் ஒட்டவைத்து, அந்தத் திரவம் ஊசிமுனை அளவுக்கு மேல் போகாமல் பார்க்கணும்.