தாத்தா 1937-ல் எழுதிய கதையை இணையத்தில் எப்படித் தேடுவது?

கும்மோணத்துப் பேரன்:
எங்கள் தாத்தா கும்பகோணம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ‘பொன்னி’ என்ற புனைபெயரில் நாலைந்து கதை எழுதியிருக்கிறார் என்று பாட்டி இருந்தவரை சொல்லிக்கொண்டே இருப்பாள், நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. போகிக்குப் பரண் ஒழித்தபோது தகரப் பெட்டியில் ஒரே ஒரு தாள் கிடைத்தது. தலைப்பக்கம் ‘ஈஸ்வர வருஷம் ஐப்பசி’ என்று இருக்கிறது, மூலையில் 371 என்று பக்க எண். பத்திரிகையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. சித்தப்பா கணக்குப் போட்டு 1937 என்கிறார்.

கூகிளில் ‘பொன்னி கதை’ என்று அடித்தால் அரிசி மூட்டை விலை வருகிறது, மீதியெல்லாம் சினிமா. தாளில் தெளிவாகத் தெரிகிற ஒரு வரி, ‘ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே’. அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தாளைப் போட்டோ எடுத்து கூகிள் லென்ஸில் காட்டினால் யாருடையதோ பழைய ஜாதக நோட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கடைசியாக ஒரு ஏஐ சாட்பாட்டைக் கேட்டேன். பத்திரிகையின் பெயர், மாதம், கதைத் தலைப்பு எல்லாம் கடகடவென்று சொல்லிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்ன பிறகு சரிபார்த்தால், அது சொன்ன பத்திரிகை தொடங்கியதே பத்து வருஷம் கழித்துத்தான்! இனி எப்படித் தேடுவது?

தேடல்பித்தன்:
முதலில் அரிசியை விரட்டுங்கள். பொன்னி என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு, அதன் பிறகு கழித்தல் குறியும் அரிசி என்ற சொல்லும் நடுவில் இடம் விடாமல். அதேபோல சினிமா, விலை, டிரெய்லர் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கழித்தல் குறி. கூட்டம் பாதியாகக் குறையும்.

மேற்கோள் குறி போட்டது சரிதான், ஆனால் நீளமாகப் போட்டதுதான் வினை. மேற்கோளுக்குள் இருப்பதை அது எழுத்துக்கு எழுத்து பார்க்கும். அந்தக் காலத்து அச்சில் ‘துடைத்துக்கொண்டே’ என்பது ‘துடைத்துக் கொண்டே’ என்று பிரிந்திருக்கும், ‘மூக்குக்கண்ணாடி’ சேர்ந்தும் இருக்கும் பிரிந்தும் இருக்கும், யாராவது அதைத் தட்டச்சு செய்து வலையேற்றியிருந்தால் அவர் இஷ்டத்துக்குச் சேர்த்திருப்பார். ஒரு இடைவெளி மாறினாலும் மேற்கோள் தேடல் கைவிட்டுவிடும். இரண்டு சொல்லுக்கு மேல் மேற்கோளுக்குள் போடாதீர்கள். சந்தேகமுள்ள சொல்லுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எந்தச் சொல் இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, காலத்தைக் குறுக்குகிற வசதியை வைத்து 1937 என்று வடிகட்டாதீர்கள். கூகிள் பார்ப்பது அந்த வலைப்பக்கம் வந்த தேதியை, பத்திரிகை வந்த தேதியை அல்ல. நானே ஒரு வாரம் அதில் கெட்டேன்.

நூலகப்பூனை:
மேலே சொன்னதெல்லாம் அந்தக் கதை எழுத்தாக இணையத்தில் இருந்தால்தான் பலிக்கும். பழைய பத்திரிகைகளில் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த படங்களாகக் கிடக்கின்றன. படத்துக்குள் இருக்கிற வரி கூகிள் தேடலில் பெரும்பாலும் அகப்படாது. எழுத்துணரி (படத்திலுள்ளதை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) ஓட்டியிருந்தாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை வைத்தும், றா, னா எல்லாம் சுழித்தும் இருக்குமல்லவா, அதை மென்பொருள் ஏதேதோ எழுத்தாக வாசித்து வைத்திருக்கும். உங்கள் வரியில் அந்த மாதிரி எழுத்து உள்ள சொற்களைத் தவிர்த்துவிட்டு ‘ஹெட்மாஸ்டர்’ மாதிரி அடி வாங்காத சொல்லைப் பிடியுங்கள்.

ஆகவே கதையைத் தேடுவதை நிறுத்திவிட்டு இதழைத் தேடுங்கள். உங்கள் தாள் நிறையவே சொல்கிறது. ஈஸ்வர வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும், 1877, 1937, 1997. சித்தப்பா சொன்னது சரி. ஐப்பசி என்றால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை, அதனால் பட்டியல் போட்டவர் அக்டோபர் என்றும் எழுதியிருக்கலாம், நவம்பர் என்றும் எழுதியிருக்கலாம், இரண்டையும் பாருங்கள். தேதி இல்லாமல் மாதம் மட்டும் இருப்பதால் அநேகமாக மாத இதழ். ஒரு மாத இதழில் 371 பக்கம் இருக்காது, ஆக, பல மாத இதழ்கள் சேர்ந்த தொகுதி முழுக்கத் தொடர் எண் போட்ட பத்திரிகை. இப்போது பட்டியல் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள்.

இதை வைத்துக்கொண்டு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குப் போய்ப் பருவ இதழ்கள் பகுதியில் பாருங்கள். அப்புறம் ஸ்கேன் செய்த பழைய நூல்களையும் இதழ்களையும் வைத்திருக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம். அங்கே தேடல் பெட்டி சாதாரணமாகத் தலைப்பு, விவரக் குறிப்பு இவற்றில் மட்டும்தான் தேடும். உள்ளடக்கத்திலும் தேடு என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை மாற்றிக்கொள்ள வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தேடும்போது ஒரு சங்கதி. நாம் ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயரை எழுதுகிற மாதிரி அவர்கள் எழுத மாட்டார்கள். எழுத்துக்கு எழுத்து பெயர்ப்பு. க எப்படி ஒலித்தாலும் k, ச எப்போதும் c, ட, த இரண்டும் t, ப எப்போதும் p. ‘கலைமகள்’ என்பதில் ம-வுக்குப் பிறகு நாம் g போடுவோம், அவர்களிடம் அது k. ‘விகடன்’ என்பதிலும் அப்படியே, அதோடு நாம் t-க்குப் பதில் d போட்டு எழுதுவதெல்லாம் அங்கே செல்லாது. நான் சிகாகோ பல்கலைக்கழகப் பட்டியலில் ஒரு பத்திரிகை இல்லவே இல்லை என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு எழுத்து.

யாழ்_வாசகி:
‘நூலகம்’ என்ற இணையதளத்தை யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். 2005-ல் தொடங்கியது, பெரும்பாலும் ஈழத்து வெளியீடுகள், அதனால் உங்கள் தாத்தாவுக்கு உதவுமா என்பது சந்தேகம்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு இதழுக்கும் தமிழில் தலைப்பும் பல இதழ்களுக்கு உள்ளடக்கப் பட்டியலும் எழுதி வைத்திருப்பதால் கூகிளிலேயே அகப்படும். கூகிளில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் தளத்தின் முகவரியையும் போட்டுவிட்டுப் பிறகு உங்கள் சொல்லைப் போட்டால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். எந்தத் தளத்துக்கும் இது செல்லும்.

பழைய வலைப்பக்கங்களைத் தேடுகிறவர்களுக்கு: யூனிகோடு பரவலாகும் முன்பு பாமினி எழுத்துரு, டிஸ்கி குறியாக்கம் என்று ஆளுக்கொரு முறை. அந்தப் பக்கங்கள் தேடுபொறிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான், தமிழில் அடித்தால் கிடைக்காது. முகவரி தெரிந்தால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள், 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்திருக்கிறார்கள்.

பெருசு:
தம்பி, அந்தக் காலத்தில் ஆம்பிளைகள் பொம்பிளைப் பெயரில் எழுதுவது சகஜம். ‘பொன்னி’ என்று நாலு பேர் எழுதியிருப்பான். பெயரை நம்பி யாருடையதோ கதையைத் தாத்தா கதை என்று வீட்டில் மாட்டிவிடாதே.

கும்மோணத்துப் பேரன்:
எல்லாருக்கும் நன்றி. பெருசு சார், நீங்கள் சொன்னது வயிற்றைக் கலக்கிவிட்டது, ஆனால் தாளின் பின்பக்கத்து ஓரத்தில் தாத்தா கையெழுத்தில் பென்சிலால் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கிறார். அடுத்தவன் கதைக்கு யார் அப்படிச் செய்வார்கள்?

நூலகப்பூனை சொன்னபடி 1937-ஐயும் இரண்டு மாதத்தையும் வைத்து உட்கார்ந்தேன். தாளைப் போட்டோ எடுத்து கூகிள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தேன், பாதிக்கு மேல் எழுத்தாகவே வந்துவிட்டது, ஆனால் ‘கண்ணாடியை’ என்பது ‘கண்ணுடியை’ என்று விழுந்தது. சுழித்த ணா! சரி என்று அந்தப் பிழையோடேயே ஆர்க்கைவில் உள்ளடக்கத் தேடலில் அடித்தேன். ஏகப்பட்ட ‘கண்ணுடி’கள் வந்து விழுகின்றன. தாத்தாவுடையது இன்னும் இல்லை, ஆனால் தொடர் பக்க எண் போடுகிற இரண்டு மாத இதழ்கள் அகப்பட்டன. ஒன்றில் அந்த வருஷத்துத் தொகுதியே இல்லை. இன்னொன்றில் 368-ஆம் பக்கத்துக்குப் பிறகு நேராக 377. ஸ்கேன் பண்ணினவர் தூங்கிவிட்டார் போல.

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் இருக்கும் என்கிறார் சித்தப்பா. வெள்ளிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். முன்கூட்டியே ஏதாவது செய்ய வேண்டுமா?

நூலகப்பூனை:
போன் பண்ணிவிட்டுப் போங்கள். பத்திரிகையின் பெயர், வருஷம், இரண்டு மாதம், பக்க எண் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாளையும், கண்ணாடித்தாள் உறையில் போட்டு. 368-க்குப் பக்கத்தில் அச்செழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.