குடும்ப அல்பங்களின் ஓரத்தில் நிற்கும் பழைய விமானங்கள்

நல்லூரிலிருந்து:

யாழ்ப்பாணத்துக் குடும்ப அல்பங்களில் விமானத்தைப் படமெடுக்க வேண்டும் என்று எண்ணிப் படமெடுத்தவரைக் காண்பது அரிது. பயணம் போகிறவரையும் வழியனுப்ப வந்த உறவினரையும் வரிசையாக நிறுத்தி எடுத்தார்கள். விமானம் தற்செயலாகப் பின்னால் நின்றது. அதனால் பின்னால் நிற்பது என்ன விமானம் என்று கேட்டு, பழைய விமானங்களில் ஆர்வமுள்ள எங்களிடம் வரும் படங்களில் முழு விமானம் பெரும்பாலும் இருப்பதில்லை. மாலை போட்ட ஒருவரின் தோளுக்கு மேலே இரண்டு விசிறி இதழ்கள் தெரியும். ஒரு குழந்தையின் தலைக்குப் பின்னால் சில்லும் அதைத் தாங்கும் காலும் தெரியும். பதிவெழுத்து இருக்க வேண்டிய இடத்தை ஒரு மாமியின் குடை மறைத்திருக்கும். எஞ்சியிருக்கும் அந்தத் துண்டைக்கொண்டு விமானத்தின் வகையைச் சொல்வதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வாய்த்த வேலை.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை அமைத்தது. காங்கேசன்துறைத் தளம் என்றும் அதைச் சொல்வார்கள். இலங்கையின் எயர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10ஆம் நாள் தன் முதற்பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. பறந்தது டக்கோட்டா என்ற இரட்டை இயந்திர விமானம். சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று அந்நிறுவனம் தன் முதல் டக்கோட்டாக்களுக்குப் பெண்பெயர் சூட்டியிருந்தது. ஆகவே ஐம்பதுகளின் பலாலிப் படம் ஒன்று கைக்கு வந்தால் அது டக்கோட்டாவாக இருக்குமென்று முதலில் எண்ணுவது தவறன்று. ஆனால் அந்த எண்ணத்தோடு நின்றுவிடக் கூடாது. டக்கோட்டா தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்தும் மூக்கு வானைப் பார்த்தும் இருக்கும். விசிறிக்கு மூன்று இதழ்கள். பின்பக்கம் இடப்புறத்தில் கதவு. அதற்குப் பின் வந்த அவ்ரோ 748 மூக்குச் சில்லின்மேல் சமமாக நிற்கும், விசிறிக்கு நான்கு இதழ்கள், டார்ட் என்ற சுழலி இயந்திரத்தின் மெலிந்த நீண்ட கூடு இறக்கையின் மேலே ஏறி நிற்கும். மனிதர்களின் கால்களுக்கிடையே ஒரு மூக்குச் சில்லு மட்டும் தெரிந்தாற்கூட அது டக்கோட்டா அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

ரொறன்ரோவில் இருக்கும் ஓர் உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஒன்றைப் பற்றி இங்கே எழுத வேண்டும். ஐம்பதுகளின் பலாலி என்று குறிப்பு இருந்தது. உருவம் டக்கோட்டா, ஆனால் கதவு வலப்புறத்தில் இருந்தது. விமானங்களைப் பற்றி நிறைய வாசித்த ஒருவர், டக்கோட்டாவைச் சோவியத் நாட்டில் உரிமம் பெற்றுக் கட்டிய லிசுனோவ் லி-2 வகைக்குத்தான் பயணிகள் கதவு வலப்புறத்தில் உண்டு, ஆகவே இது பலாலிக்கு வந்த ஒரு சோவியத் விமானம், இதற்கு அரசியல் காரணம் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வரலாறே கட்டிவிட்டார். லி-2 பற்றி அவர் சொன்ன குறிப்புச் சரியானதே. ஆயினும் படத்தில் நின்ற ஆண்கள் எல்லோருடைய சட்டைப் பையும் வலப்பக்கத்தில் இருந்தது. நடுவில் நின்ற அம்மையாரின் சேலைத் தலைப்பு வலத்தோளின்மேல் கிடந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெண் வலத்தோளில் தலைப்புப் போட்டாள்? நெகட்டிவைப் புரட்டிவைத்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். படத்தை இடம் வலமாகத் திருப்பியதும் கதவு இடப்புறம் வந்தது, தலைப்பு இடத்தோளுக்குப் போனது, சோவியத் விமானம் வழமையான டக்கோட்டாவாயிற்று. அன்றிலிருந்து எந்தப் படத்திலும் முதலில் ஆட்களைப் பார்ப்பதும் பிறகு விமானத்தைப் பார்ப்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பதிவெழுத்தில் ஒரு துண்டு தெரிந்தாலும் காலம் பிடிபடும். இலங்கை விமானங்கள் முதலில் விபி-சி என்றும், சுதந்திரத்தின் பின் சிஒய் என்றும், 1954இலிருந்து 4ஆர் என்றும் எழுத்துத் தாங்கின. இறக்கையின் கீழ் ஒரு 4 மட்டும் தெரிந்தால், படத்தின் பின்புறத்தில் யார் என்ன ஆண்டு எழுதியிருந்தாலும் அது 1954க்கு முந்தியதாக இருக்க முடியாது. அல்பத்தில் எழுதப்படும் ஆண்டுகள் பல சமயம் கலியாணத்தையோ பிள்ளைப்பேற்றையோ வைத்துப் பின்னாளில் ஊகித்து எழுதப்பட்டவை. அவற்றை நான் கடைசியாகத்தான் நம்புவேன்.

தெல்லிப்பழையிலிருந்து:

நல்லூர் ஐயா எழுதியவற்றோடு இரண்டாம் உலகப் போர்க்காலப் படங்களைப் பற்றியும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். எங்கள் அப்பப்பா நாற்பதுகளில் பலாலித் தளத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற சிறிய படம் ஒன்றில் நான்கு இயந்திரங்களும் இரட்டை வாலும் உடைய பெரிய விமானம் ஒன்று தெரிகிறது. பார்த்தவர் பலரும் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்ரர் என்றார்கள். நான்கு இயந்திரம், இரட்டை வால், பிரித்தானிய வான்படை என்ற மூன்றும் சேர்ந்தால் அந்தப் பெயர் நாவில் தானாக வந்துவிடுகிறது. ஆனால் லங்காஸ்ரர் வாற்சில்லில் குந்தி நிற்கும். படத்தில் உள்ளது மூக்குச் சில்லோடு கிடையாக நிற்கிறது. இறக்கை உடம்பின் தோள்மட்டத்தில் இருந்து ஒடுங்கி நீள்கிறது. வயிறு சுவர்போல் செங்குத்தாக இறங்குகிறது. வால்தகடுகள் முட்டை வடிவம். இது லிபரேட்டர், அதாவது பி-24. காங்கேசன்துறையிலிருந்து 160ஆம், 203ஆம் படையணிகள் 1944, 1945 காலத்தில் பறக்கவிட்டவை லிபரேட்டர்களே. வங்காள விரிகுடாவைத் தாண்டிப்போய்க் கடற்கண்ணி இடவும் கப்பல் தேடவும் அவ்வளவு தூரம் பறக்கும் விமானம் வேண்டியிருந்தது.

இயந்திரத்தின் முகத்தையும் கவனியுங்கள். டக்கோட்டாவுக்கும் லிபரேட்டருக்கும் இயந்திரம் ஒன்றுதான்: பதினான்கு சிலிண்டர்கள் இரண்டு அடுக்காக வட்டமிட்ட பிராட் அன்ட் விற்னி ருவின் வாஸ்ப். விசிறியும் இரண்டுக்கும் மூன்றிதழ். எனவே இயந்திரத்தை மட்டும் காட்டும் படத்தில் வேறுபாடு அதன் மூடியில்தான் கிடைக்கும். டக்கோட்டாவின் மூடி நல்ல வட்டம்; லிபரேட்டரின் மூடி, இரு கன்னங்களிலும் குளிரூட்டிகளுக்குக் காற்றுவாய் வைத்ததனால், பக்கவாட்டில் அகன்று நீள்வட்டமாக இருக்கும். என்னிடமுள்ள படத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது, வலப்பக்கக் காற்றுவாயின் கறுத்த பிறை தெளிவாகத் தெரிந்தது.

இன்னொரு தடயம் இறக்கையிலுள்ள வட்டக்குறி. பிரித்தானிய வான்படையின் வட்டக்குறியில் நடுவே சிவப்புப் பொட்டு உண்டு. கிழக்கில் யப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு அது குழம்பக்கூடாது என்பதற்காகத் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தின் விமானங்களில் அந்தச் சிவப்பை அகற்றி, நடுவில் வெளிர்நீலமும் சுற்றிக் கருநீலமுமாகத் தீட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நடுப்பகுதி சுற்றுவட்டத்தைவிட வெளிறியிருந்தால் அது அந்தக் குறி. இதில் கண்ணை ஏமாற்றும் விடயம் ஒன்றுண்டு. சிவப்பை உணராத பழைய வகைப் படச்சுருளில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். ஆகவே ஒரே வட்டக்குறி இரண்டு சுருள்களில் இரண்டு விதமாகத் தோன்றும். படத்தில் வானம் வெள்ளைக் கடதாசிபோல் வெறுமையாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டால் சுருளின் குணத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

காங்கேசன்துறையிலிருந்து:

பின்னணியை மறந்துவிடாதீர்கள். சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி தூரத்தில் தெரிந்தால் படம் 1950க்கு முந்தியதன்று. போர்க்காலம் என்று எழுதி வந்த ஒரு படத்தின் கதை அந்தப் புகைபோக்கியோடு முடிந்தது.

கோப்பாயிலிருந்து:

என் தலைமுறைக்கு விமானங்களைக் காதால்தான் தெரியும். உள்நாட்டுப் போரின்போது குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் ஓடுவதற்கு முன்பே, வருவது ஹெலியா, சியாமாசெட்டியா, அவ்ரோவா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். உறுமிக்கொண்டு மெதுவாக வரும் பாரமான ஒன்றைச் சகடை என்றோம். அந்தக் காதுப் படிப்பு ஒரு படத்தின் முன்னால் எதற்கும் உதவாது என்பது, வெளிநாட்டிலிருந்து நண்பர்கள் படங்களை அனுப்பத் தொடங்கியபோதுதான் விளங்கியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்ட சத்தத்துக்கு உருவம் தேட வேண்டியிருந்தது. சியாமாசெட்டி என்று நாங்கள் அழைத்த மார்க்கெட்டி எஸ்எஃப் 260இன் இறக்கை நுனிகளில் எண்ணெய்த்தாங்கிகள் குமிழ்போல் பொருந்தியிருக்கும். இன்னொரு தாக்குதல் விமானமான புக்காரா நேரான இறக்கையோடும் ஆங்கில ரீ எழுத்தை ஒத்த வாலோடும் இருக்கும். அவ்வளவு சிறிய விமானமா எங்களை அவ்வளவு பயப்படுத்தியது என்று முதலில் வியந்தேன்.

1987 ஜூன் 4ஆம் நாள் இந்திய வான்படை யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப்பொதி போட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். முந்திய நாள் கடல்வழியாக வந்த படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியதன் பின் நடந்தது அது. வந்தவை ஐந்து அன்ரனோவ் 32 சரக்கு விமானங்கள். துணைக்கு மிராஜ் 2000 போர்விமானங்கள். அந்நாட்படம் என்று சொல்லித் தென்னோலைகளுக்கு மேலே ஒரு விமானம் தெரியும் படம் சுற்றி வருகிறது. அன்ரனோவ் 26 என்று தலைப்பிட்டிருந்தார்கள். இரண்டும் உடம்பில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 32இல் கூடுதல் வலுவுள்ள இயந்திரங்களையும் அவற்றின் பெரிய விசிறிகளையும் பொருத்தியதால், விசிறி உடம்பிலும் தரையிலும் முட்டாதபடி இயந்திரங்களை இறக்கையின் மேலே தூக்கி வைத்தார்கள். படத்தில் இறக்கைக்கு மேலே இரண்டு திமில்கள் எழுந்து நிற்பதைப் பார்த்தவுடன் வகையில் ஐயமில்லை.

நாளில்தான் ஐயம் இருக்கிறது. இந்திய அமைதிப்படைக் காலத்திலும் அதே வகை விமானங்கள் பலாலிக்கு வந்துபோயின; தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து இலங்கை வான்படையும் அன்ரனோவ் 32 வைத்திருந்தது. இந்திய விமானமென்றால் தொடர் இலக்கத்தின் முன் கே என்ற ஆங்கில எழுத்தும், காவி, வெள்ளை, பச்சை வட்டக்குறியும் இருக்கும். சுற்றி வரும் படத்தில் அவை தெளிவாக இல்லை. எனவே அதை அன்ரனோவ் 32 என்று மட்டும் எழுதி, 1987 என்று எழுதாமல் வைத்திருக்கிறேன்; சிலருக்கு அது மனவருத்தம்.

மிராஜ் என்று வரும் முக்கோண இறக்கைப் படங்களிலும் இதே கவனம் வேண்டும். இலங்கை வான்படை 1996இல் பெற்ற கிபீர் போர்விமானத்துக்கும் முக்கோண இறக்கைதான். ஆனால் அதன் காற்றுவாய்களின் பக்கத்தில், பிரதான இறக்கைக்கு முன்னால், அசையாத சிறிய இறக்கை ஒரு சோடி உண்டு. மிராஜ் 2000இல் அந்த அளவுக்கு இறக்கை இல்லை. மீன் செதிள் போன்ற சிறு தகடு மட்டுமே உண்டு. அந்தச் சோடி இறக்கை தெரியும் படத்தை 1987 என்று பகிர்கிறவர்கள் ஒன்பது ஆண்டுகளை விழுங்கிவிடுகிறார்கள்.

சாவகச்சேரியிலிருந்து:

பிரித்தானியப் போர்விமானமான ஸ்பிற்பயர் என்று சொல்லி எனக்கு ஒரு படம் வந்தது. ஸ்பிற்பயருக்குரிய மேர்லின் இயந்திரத்தின் நீண்ட மூக்கு இருந்தது உண்மை. கண்ணாடி மூடியின் அகலத்தைப் பார்த்தால் இருவர் அருகருகே இருக்கலாம் போலிருந்தது. அது போல்ரன் போல் பல்லியோல் பயிற்சி விமானம். அரச இலங்கை வான்படை ஐம்பதுகளில் வைத்திருந்தது.

நல்லூரிலிருந்து மீண்டும்:

சென்ற கிழமை பருத்தித்துறை அக்கா ஒருவர் தனிப்பட அனுப்பிய படத்துக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படலாம். படத்தில் உயர்ந்த இறக்கையும் அதன்கீழே ஒரு சுழலி இயந்திரமும், அவருடைய சித்தப்பாவின் தலைக்கு வலப்பக்கமாக உடம்பின் ஒரு பகுதியும் தெரிகின்றன. இந்தியன் எயர்லைன்ஸ் பறக்கவிட்ட ஃபொக்கர் எஃப்27 என்று அவர் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். ஃபொக்கரென்றால் இயந்திரக்கூட்டின் அடியிலிருந்து நீண்ட மெல்லிய கால்கள் தரைக்கு இறங்க வேண்டும். அக்காவின் படத்தில் இயந்திரத்தின் கீழ் வெறும் வெளிதான். அதன் ஊடாகத் தூரத்துப் பனைகள் தெரிகின்றன. சில்லு உடம்போடு ஒட்டியுள்ள ஒரு புடைப்பிலிருந்து குட்டையாக வெளியே வருகிறது. உடம்பும் சிறியது, ஏறத்தாழ உருண்டையானது. அப்படிச் சில்லை உடம்பின் பக்கத்துப் புடைப்பில் வைத்த விமானம் ஒன்று எயர் சிலோனிடமும் இருந்தது: பிரெஞ்சு நாட்டு நோர்ட் 262. அக்கா, படத்தை ஓரங்களை வெட்டாமல், முடிந்தால் பின்புறத்தையும் சேர்த்து ஒருமுறை ஸ்கான் பண்ணி அனுப்புங்கள்; இறக்கையின் நுனி சட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது, அங்கே 4ஆர் இருக்கக்கூடும்.