'காம்பவுண்ட் ஹவுஸ்ஹோல்டர்': தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் தலைவர் டிஸ்ரேலியின் 1867 தேர்தல் சீர்திருத்த உரைகளைத் தமிழாக்கும்போது திரும்பத் திரும்ப இடறுகிற சொல் இது. 'கூட்டுக் குடித்தனக்காரர்' எனக்கு ஒப்பவில்லை. படித்ததும் அண்ணன் தம்பிகள் ஒரே உலையில் சோறு பொங்கும் வீடுதான் மனசில் வரும். 'காம்பவுண்ட்' என்றே விட்டால் சுற்றுச்சுவர் வந்துவிடும்.

அந்த ஆள் யார் என்று முதலில் பார்ப்போம். ஏழைநிவாரண வரியைக் கட்ட வேண்டியவர் வீட்டில் குடியிருப்பவர். வாராவாரம் வாடகை கொடுத்து, அடிக்கடி வீடு மாறுகிறவர்களிடம் அதை வசூலிப்பது பெரும்பாடு. அதனால் வரி மதிப்பு 6 பவுண்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு உரிமையாளரிடமே வாங்கிக்கொள்ள 1850-இல் ஒரு சட்டம் வழிசெய்தது. மொத்தமாகக் கட்டுவதால் அவருக்குத் தள்ளுபடி. வரியை வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்வார். பணம் குடித்தனக்காரருடையது, கட்டிய கைதான் வேறு. 'காம்பவுண்ட்' என்பது ஆளைப் பற்றிய சொல்லே இல்லை. வரியை மொத்தமாகத் தீர்க்கும் ஏற்பாட்டைப் பற்றியது.

இங்கேதான் மொழிபெயர்ப்பு பிசகக்கூடாது. நகரத் தொகுதிகளில் தன் கையால் வரி கட்டும் குடித்தனக்காரருக்கே வாக்கு என்பது டிஸ்ரேலி பிடித்த பிடி. எதிர்க்கட்சியான லிபரல்களின் கிளாட்ஸ்டன் அதைக் கடுமையாக எதிர்த்தார். உரிமையாளரிடம் மொத்தமாக வசூலிக்கும் முறை ஊருக்கு ஊர் வேறுபட்டதால், ஒரே மாதிரி வீடு, ஒரே வாடகை, ஆனால் ஓர் ஊரில் வாக்கு உண்டு, அடுத்த ஊரில் இல்லை என்றாகியிருக்கும். அப்புறம் மே 17 அன்று, அந்த மொத்த வசூல் முறையையே ஒழிக்கச் சொன்ன லிபரல் உறுப்பினர் ஹாட்கின்சனின் திருத்தத்தை டிஸ்ரேலி அமைச்சரவையைக் கேட்காமலே ஏற்றார். இனி குடித்தனக்காரரே வரி கட்டுவார் என்றானதால், சில லட்சம் பேருக்கு வாக்குக்கு வழி திறந்தது.

என் முன்மொழிவு: வரியடக்கக் குடித்தனக்காரர். 'தண்ணீர், கரண்ட் எல்லாம் வாடகையில் அடக்கம்' என்று நாம் சொல்கிற அதே அடக்கம். 'வரியுட்பட்ட' என்றால் 'வரிக்கு உட்பட்ட' என்று பொருள் தலைகீழாகும். 'அடக்கம்' பணிவையும் புதைப்பையும் குறிக்குமே என்று கேட்கலாம்; முன்னால் 'வரி' நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. 'வீட்டுக்காரர்' கூடவே கூடாது. நம் பேச்சில் அவர் வாடகை வாங்குகிறவர்.

ஏற்பாட்டுக்கு 'வரியடக்க முறை' என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: '1867 சட்டம் வரியடக்க முறையை ஒழித்தது, வாடகை குறையாமலே வரியும் தலையில் விழுந்ததால் குடித்தனக்காரர்கள் கொதித்தார்கள், 1869 சட்டம் அவர்கள் வாக்கைத் தொடாமல் அந்த முறையைத் திரும்பக் கொண்டுவந்தது.' எனக்குத் தடங்கல் தெரியவில்லை. வேறு சொல் வைத்திருப்பவர்கள் இதே வாக்கியத்தில் அதைப் போட்டு அனுப்புங்கள்.