உப்பளத்திலேயே இத்தனை பறவை இருந்தால், சதுப்பை ஏன் காக்க வேண்டும்?

கரையோரம்:
பொங்கல் லீவில் பிள்ளைகளோடு கோடியக்கரை போயிருந்தோம். வெளிமானைவிட, பம்ப் ஹவுஸ் பக்கம் உப்பளத்துக்கு நீர் தேக்குகிற இடத்தில் பார்த்த உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைக் கூட்டம்தான் மனதில் நிற்கிறது. ஒரு பிடி மணலை வீசியது போல எழும்பி, எல்லாம் சேர்ந்து ஒரே திருப்பு! கூட வந்த மைத்துனர் ஒரு கேள்வி கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. பறவைகள் உப்பளத்திலேயே நன்றாக மேய்கின்றனவே, அப்புறம் எதற்குச் சதுப்பைத் தொடாதே என்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உள்ளான்பித்து:
அவர் பார்த்தது சரிதான், ஆனால் உப்பளம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. கடல்நீரை முதலில் தேக்குகிற பெரிய பாத்திகளில் உப்பு அதிகம் ஏறியிருக்காது, அங்கே புழு பூச்சி, மீன்குஞ்சு, இன்னும் கொஞ்சம் உப்பு ஏறினால் ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் எல்லாம் கிடைக்கும். உப்பு விளைகிற பாத்தியில் பறவைக்கு ஒன்றுமே இல்லை.

முக்கியமான விஷயம் ஆழம். கொசு உள்ளானின் கால் சுமார் 2 சென்டிமீட்டர்தான், தண்ணீர் வயிற்றைத் தொட்டுவிட்டால் அந்த இடம் அதற்கு உதவாது. உப்பளத்தில் எவ்வளவு தேக்குவது என்பதை மோட்டாரும் உப்பு விலையும் தீர்மானிக்கின்றன. சதுப்பில் அப்படி இல்லை: பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏறி இறங்குவதே குறைவு, ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணீர் மெல்ல வடிய வடிய ஓரம் ஓரமாகப் புதுச் சேறு திறந்துகொண்டே வரும். குறுக்கே கரை போட்டால் அது நின்றுவிடும்.

இன்னொன்று, அங்கே சர்வசாதாரணமாகத் தெரிகிற வளைமூக்கு உள்ளான் சைபீரியத் துந்திராவில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிற பறவை. 2024 அக்டோபரில் அதை அழிவாய்ப்பு உள்ள இனங்களில் சேர்த்துவிட்டார்கள்.

அளத்துப்பிள்ளை:
எங்கள் அப்பா, தாத்தா எல்லாருக்கும் வேதாரண்யத்தில் அளத்து வேலைதான். உப்பளம் என்றாலே வில்லன் போலப் பேசாதீர்கள். 1930ல் ராஜாஜி உப்பு அள்ள வந்தது எங்கள் ஊருக்குத்தான், அளம் அதற்கும் முந்தையது. சின்ன அளத்தில் மண் வரப்பும் ஓரத்தில் உமரிச் செடியும் இருக்கும், பறவை வந்து ஒற்றைக்காலில் தூங்கும், யாரும் விரட்டுவதில்லை.

விரட்டுகிறது யார் தெரியுமா? போட்டோ எடுக்கிறேன் என்று பைக்கைக் காய்ந்த சேற்றுக்குள்ளேயே விட்டுக்கொண்டு வருகிறவர்கள், அப்புறம் தெருநாய்கள். ராத்திரியில் வலை கட்டுகிற ஆட்களும் உண்டு, கேட்டால் நாலு காசுக்கு என்பார்கள்.

தூரதேசி:
நான் கொரியாவில் வேலை பார்க்கிறேன், இதே கேள்வி இங்கேயும் வந்தது. சேமாங்கம் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் சுவர் கட்டி 2006ல் கடலை அடைத்தார்கள். பறவைதானே, பக்கத்துக் கரைக்குப் போய்விடும் என்றார்கள். கிரேட் நாட் என்கிற பெரிய உள்ளான் இனம் அங்கே பெருங்கூட்டமாக இறங்கும், அதில் பெரும்பகுதி பக்கத்து முகத்துவாரங்களுக்கு வந்து சேரவே இல்லை. ஆஸ்திரேலியக் கரைகளில் எண்ணியபோதும் குறைந்திருந்தது. போன இடம் சாவுதான் என்று நினைக்க வேண்டியிருக்கிறது.

அதே மஞ்சள் கடலின் சீனக் கரையில், தியோசினி என்ற இடத்தில், பழைய மீன் குட்டைகளை ஆழம் குறைத்து, கடல் ஏறும் நேரத்தில் பறவைகள் ஒதுங்குகிற இடமாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் கடல் இறங்கியதும் அவை பறந்து போவது சேற்றுக்குத்தான். குட்டை என்பது வெயிட்டிங் ரூம், சாப்பாடு வெளியே.

கரையோரம்:
மைத்துனரிடம் காட்டினேன். "சரி, தண்ணீர் ஆழத்தை யார் போய்ப் பார்க்கிறார்கள்?" என்கிறார். மனுஷன் விடமாட்டார்.

உள்ளான்பித்து:
அவரையே கூட்டி வாருங்கள்! ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், ஆள் எப்போதும் பற்றாது. அதுவரை, பார்த்ததை ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் போடும்போது எந்தப் பாத்தி, தண்ணீர் பறவையின் முட்டி வரையா வயிறு வரையா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

அளத்துப்பிள்ளை:
வரும்போது சொல்லுங்கள், எந்த அளத்தில் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள் என்று நான் காட்டுகிறேன். வண்டியை மட்டும் ரோட்டிலேயே நிறுத்திவிடுங்கள் அண்ணே.