ஜப்பான் குழந்தை அழுதா தப்பு குழந்தை மேலயா, சோதனை மேலயா?

மழைக்காகம்: உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் அமெரிக்காவில உருவாக்கின 'ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்' சோதனையில, ஒரு வயசுக் குழந்தையைப் புது அறையில விட்டுட்டு அம்மா ரெண்டு தடவை வெளிய போய்த் திரும்புவாங்க. திரும்பினதும் குழந்தை எப்படி நடந்துக்குதுன்னு பார்த்து பாதுகாப்பான பிணைப்பு (அம்மாவைப் பார்த்ததும் தேறிடும்), விலகல் (அம்மாவைக் கண்டுக்காது), தடுமாற்றம் (ஒட்டிக்கிட்டே கோபமா அழும், லேசில சமாதானம் ஆகாது)னு முத்திரை குத்துவாங்க. 1980-களில ஜப்பானோட சப்போரோவில விலகல் ஒண்ணுகூட இல்ல, மூணுல ஒரு பங்கு தடுமாற்றம். ஜெர்மனியோட பீலெஃபெல்ட்ல கிட்டத்தட்ட பாதி விலகல். ஜெர்மன் அம்மாக்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரிகளா என்ன? அமெரிக்கப் படியை வச்சுக்கிட்டு ஊரையே அளக்கிறாங்க.

கணக்குப்பிள்ளை: அதே ஜெர்மனியில ரேகன்ஸ்பர்க் ஊர்ல ஏறக்குறைய அமெரிக்கக் கணக்குதான் வந்தது, அதை ஏன் விட்டுட்டீங்க? 1988-ல வான் ஐசண்டோர்ன், க்ரோனன்பெர்க்னு ரெண்டு ஆய்வாளர்கள் 8 நாடுகளின் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. நாட்டுக்கு நாடு இருக்கிற வித்தியாசத்தைவிட, ஒரே நாட்டுக்குள்ள இருக்கிறது ஒன்றரை மடங்கு. தவிர, ஐன்ஸ்வொர்த் ஆரம்பிச்சதே 1954-ல உகாண்டாவில.

மழைக்காகம்: உகாண்டாவில வீடு வீடாப் போய் உட்கார்ந்து பார்த்தாங்க சார். அறை சோதனை பின்னால அமெரிக்காவோட பால்டிமோர்ல வந்தது. அம்மா பக்கத்துலயே படுத்து, முதுகுலயே வளர்ந்த சப்போரோ குழந்தையைத் தனியா விட்டா கத்தாம என்ன செய்யும்?

அப்பத்தாவீடு: நடுவுல வரேன். என் பொண்ணு ஒரு வயசுல அப்பத்தா முந்தானை நுனியை வாயில வச்சாத்தான் தூங்குவா. நான் ஆபீஸ் முடிஞ்சு வந்தா தலையைக்கூடத் தூக்க மாட்டா. அந்த அறையில என்னை உட்கார வச்சிருந்தா 'விலகல்'னு எழுதியிருப்பாங்க. யாரை வச்சு சோதிக்கிறதுங்கிறதுதானே கேள்வி?

கணக்குப்பிள்ளை: அம்மா மட்டும்தான்னு, இந்தப் பிணைப்புக் கோட்பாட்டைக் கொண்டுவந்த பௌல்பியே சொல்லலைங்க. ஆனா இஸ்ரேல் கிப்புட்ஸை, அதாவது கூட்டா வாழ்ந்து உழைக்கிற குடியிருப்பைப் பாருங்க. அப்போ சில கிப்புட்ஸ்ல ராத்திரி குழந்தைகளைப் பொது விடுதியில படுக்க வச்சாங்க, முறை வச்சு மாறுற காவல் பெண்கள்தான் துணை. 1994-ல வந்த ஆய்வுல அங்க பாதுகாப்பான பிணைப்பு 48%. ராத்திரி வீட்டுல தூங்கின கிப்புட்ஸ் குழந்தைகள்ல 80%. ஊர் வழக்கம்னு நாம சொல்லிக்கலாம், நடுராத்திரி விழிச்ச குழந்தைக்கு அது தெரியுமா?

மழைக்காகம்: கிப்புட்ஸ் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஆனா அங்க ஆள் மாறிக்கிட்டே இருந்தாங்க. இவங்க வீட்டுல அப்பத்தா மாறலையே.

அப்பத்தாவீடு: மாறல. இப்ப அவளுக்கு 19, ஹாஸ்டல்ல இருக்கா. எனக்குத்தான் போன் போடுவா, எடுத்ததும் "அப்பத்தா முழிச்சிருக்காங்களா?"ன்னு கேட்பா.