தியானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்

தாம்பரம்வாசி:
இரண்டு வருடம் முன்பு பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனேன். விடிகாலை 4 மணிக்கு எழுப்ப மணி அடிப்பார்கள், பத்தாம் நாள் வரை யாரோடும் பேசாமல் மௌனம். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவர் ஓயாமல் தொண்டையைச் செருமுவார். மூன்றாம் நாளுக்குள் அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆறாம் நாள், அசையாமல் உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தில், விம்மல் கேட்டது. கண்ணைத் திறந்துவிட்டேன். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். அப்பா போன அன்று குளியலறையில் நானும் அப்படித்தான் அழுதேன். அப்புறம் அந்தச் செருமல் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. பத்தாம் நாள் மௌனம் கலைந்ததும் என் கையைப் பிடித்து இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. ஏன் அழுதார் என்று இன்றுவரை தெரியாது.

செம்மண்:
புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் இருக்கும் மாத்ரிமந்திர் தியான மண்டபத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டுத் தாழியில் போட்டார்களே, அந்த இடம்தான். மந்திர் முடிய 2008 ஆனது. அம்மா இளவயதில் அங்கே கூலிக்கு மண் சுமந்தவர். வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தோம். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அம்மா மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து, "நான் தூக்கின மண்ணு எந்தப் பக்கம் போச்சுன்னு தேடினேன்" என்றார்.

வேளச்சேரிக்காரன்:
தாம்பரம் தம்பி தப்பாக நினைக்காதீர்கள். சேர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினால் மட்டும் மனிதர் ஒன்றாகிவிட மாட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று ராத்திரி நாங்கள் படுத்தது பள்ளிவாசலில். ஒரு பெரியவர் தன் போர்வையை என் மகளுக்குப் போர்த்திவிட்டுச் சுவரில் சாய்ந்தே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அவர் எந்த முகாமுக்கும் போனவரில்லை.

மதுரை மாணிக்கம்:
வேளச்சேரி ஐயா, அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1994இல் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் விபாசனாவுக்கு ஒன்றாக உட்கார்ந்தார்கள். வெள்ளம் வந்தால் யாருக்கும் மனம் இளகும். வெள்ளம் வடிந்த பிறகு? எனக்கும் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு, எட்டு வருடம் பேச்சில்லை. நான் போன விபாசனா முகாமில் கடைசி நாள், எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் மைத்ரி தியானத்தில் அவர் முகம்தான் வந்தது. ஊருக்கு வந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

விபாசனாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் நம்பாதீர்கள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விண்ணப்பத்தில் மறைக்கவே கூடாது. முட்டிவலி இருந்தால் முதல் நாளே நாற்காலி கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். புது ஆளுக்கு மாலையில் டீயும் பொரியும் அளவுதான், ராத்திரிச் சோறு கிடையாது. இரண்டாம் நாள் பசி பழகிவிடும். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் ஓடிவிடத் தோன்றும், பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். திரும்பியதும் ஒரு நாளாவது வீட்டில் இருங்கள். நான் நேரே மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஹாரன் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.